தேவிபட்டினம் கரையில் வெஸ்டாவைத் துரத்திய ஒரு வாரம்

2025 ஏப்ரல் 27, சித்திரை அமாவாசை. நவபாஷாணக் கோயிலைத் தாண்டி, ஊர் விளக்கு எட்டாத மணலில் பாயை விரித்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு விளக்கு எதுவும் கடலில் இல்லை. கிழக்கு வானம் இத்தனை கறுப்பாகக் கிடைப்பது இந்த இரண்டு மாதம்தான்.

மே 2-ல் வெஸ்டா என்ற சிறுகோள், பூமி நடுவே இருக்க, சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. வெறுங்கண்ணுக்கு எட்டியும் எட்டாத வெளிச்சம்தான், ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் 10x50 பைனாகுலருக்குத் தாராளம். துலாம் ராசிப் பக்கம் காமிரா ஸ்டாண்டில் பைனாகுலரைக் கட்டி நிறுத்தி, தெரிந்த நட்சத்திரங்களை நோட்டில் புள்ளி வைத்தேன். சற்று மஞ்சளாக இருந்த ஒன்றுதான் வெஸ்டா என்று வட்டமும் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 30. மஞ்சள் புள்ளி அசையவே இல்லை. மனசு விட்டுப்போனது. பிறகு ஓரத்தில் அக்கறையில்லாமல் வைத்திருந்த ஒரு புள்ளியைத் தேடினால் அங்கே ஆளில்லை, மேற்கே தள்ளி நின்றது! அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன். 1807-ல் ஜெர்மன் வானியலர் ஓல்பர்ஸ் கண்டுபிடித்த அதே புள்ளி.

வலையைப் பொத்திக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

"கெழக்கால போறதுன்னு சொன்ன, இப்ப மேக்கால போகுதுங்குற?"

"அது கெழக்கால தான் போகுது, நாம முந்துறோம் சித்தப்பா. அதான் பின்னால போற மாதிரி தெரியுது."

"விசைப்படகுல போறப்ப நாட்டுப்படகு பின்வாங்குமே, அதுவா?"

அதேதான். இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியாது.

மே 3. மேற்கே பிறை இருந்தாலும் தொந்தரவு இல்லை. உப்புக்காற்றில் லென்ஸைத்தான் அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அளவெடுத்தேன். பைனாகுலரை அசைக்காமல் வைத்து, ஒரு நட்சத்திரம் அதில் தெரியும் வட்டத்தின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேறும் நேரத்தைப் பார்த்தேன்: 26 நிமிடம். வானம் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகரும். அப்படியானால் வட்டத்தின் அகலம் 6.5 பாகை. அந்தக் கணக்கில் வெஸ்டா ஆறு நாளில் 1.5 பாகை நகர்ந்திருக்கிறது. நாளுக்கு 0.25, அதாவது நிலாவின் பாதி அகலம்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். பூமி சூரியனை நாளுக்கு 0.986 பாகை சுற்றுகிறது. பாதைகளை வட்டம் என்று வைத்துக்கொண்டு, சூரியத் தூரத்தையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் கெப்ளர் விதியைப் போட்டால், 0.986-ஐ 0.25-ஆல் வகுத்து வரும் எண், வெஸ்டாவின் சூரியத் தூரத்தோடு அதன் வர்க்கமூலத்தைக் கூட்டியதற்குச் சமம். பூமியின் தூரம் இங்கே 1. வந்தது 3.94. தூரம் 2.39 என்றால் பொருந்துகிறது. சுற்றுக்காலம் 3.7 ஆண்டு. உண்மை மதிப்பு 2.36, 3.63 ஆண்டு!

இதில் அதிர்ஷ்டமும் உண்டு. அளந்த 1.5 பாகையில் கால் பாகை குறைந்திருந்தால் தூரம் 3 ஆகியிருக்கும். போதாததற்கு வெஸ்டாவின் பாதை வட்டமுமல்ல, 2.15-க்கும் 2.57-க்கும் இடையே போய்வருகிறது. இப்போது கிட்ட வந்திருப்பதால்தான் இந்த வெளிச்சம்.

உருவம் சிறிதுதான், குறுக்களவு சராசரி 525 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து ரோட்டில் சென்னை போய்ச் சேருகிற தூரம். ஆனாலும் விழும் ஒளியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. நம் நிலா அனுப்புவது சுமார் 12 சதவீதம். தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 5 மணி 20 நிமிடம். 2011-ல் நாசாவின் டான் விண்கலம் போய்ச் சுற்றிப் பார்த்தபோது, தென்முனையில் 500 கிலோமீட்டர் அகலப் பள்ளமும் அதன் நடுவே 20 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த மலையும் தெரிந்தன. அங்கே மோதலில் சிதறிய கல்லில் சில பூமியில் விழுந்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசை.

சித்ரா பௌர்ணமி நெருங்குகிறது, நிலா வெளிச்சத்தில் இனி முடியாது. அடுத்த வாய்ப்பு 2026 அக்டோபரில், ஐப்பசி மழை நேரம். மேகம் வழிவிட்டால் பன்னிரண்டு நாள் இடைவெளியில் அளக்கப்போகிறேன், பிழை பாதியாகும்.