எல் ரொசாரியோ: கிளை வளையும் அளவுக்குப் பட்டாம்பூச்சி

பட்டாம்பூச்சிக்குச் சத்தம் உண்டு என்று இன்று மதியம் வரை எனக்குத் தெரியாது. தூரத்தில் யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே வானம் முழுக்க ஆரஞ்சு! அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இடம், மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் எல் ரொசாரியோ சரணாலயம். மொனார்க் என்கிற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்க வருகிற மலைக்காடு. மெக்சிகோ சிட்டியிலிருந்து சித்தாக்குவாரோ வரை பஸ், அங்கிருந்து அங்காங்கேயோவுக்கு வேன். அதுவரை ஒரு குறையும் இல்லை. அங்காங்கேயோவில் பிடித்த டாக்சிதான் வயிற்றெரிச்சல். 300 பெசோ என்று பேசி ஏறினோம். மேலே இறங்கியதும் "ஆளுக்கு 300" என்றார். நானும் தம்பியும் கெஞ்சிப் பார்த்தோம், கத்தியும் பார்த்தோம். கடைசியில் 600 கொடுத்துத் தொலைத்தோம். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. நீங்கள் போனால் ஏறும் முன்பே தொகையையும் ஆள் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

அந்தக் கோபத்தைத் தணித்தது வாசலில் இருந்த சாப்பாட்டுக் கடை. விறகடுப்பில் அகலமான கல். நீலச் சோள மாவைக் கையாலேயே தட்டிப் போட்டு, காளானும் சீஸும் வைத்து மடித்துக் கொடுத்தார் அந்த அம்மா. ஓரம் லேசாகக் கரிந்து, உள்ளே சீஸ் இழை இழையாக... ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். தம்பிக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் வரும், அந்த அம்மாவிடம் பேசிவிட்டுச் சொன்னான். நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாள் சமயத்தில் பூச்சிகள் வந்து சேர்வதால், செத்துப்போன முன்னோர்தான் வீட்டுக்கு வருகிறார்கள் என்று இந்தப் பக்கத்து மக்கள் நம்புகிறார்களாம்.

குதிரைக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை, நடந்தோம். 3,000 மீட்டர் உயரம், பத்துப் படிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. காடு ஊர்ப் பொதுச் சொத்து, எஹிதோ என்கிறார்கள். கூட வந்த வழிகாட்டியும் அந்த ஊர்க்காரர்தான். "பேசாதீர்கள்" என்று சைகை காட்டி ஒரு மரத்தைக் காட்டினார். காய்ந்த சருகுக் கொத்து தொங்குகிறது என்றுதான் நினைத்தேன். அத்தனையும் இறக்கை மூடிய மொனார்க்! ஒன்று அரை கிராம்தான் இருக்கும், கிளையோ வில்லாக வளைந்திருந்தது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் பிறப்பவை சில வாரங்களில் செத்துவிடும். கோடை முடிவில் பிறக்கும் தலைமுறை மட்டும் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு எட்டு மாதம் வரை வாழும். 4,000 கிலோமீட்டர் வரை பறந்து, இதற்கு முன் பார்த்தே இராத இந்த மலைக்கு வந்துசேரும். வெளியுலகம் இந்த இடத்தைத் தெரிந்துகொண்டதே 1975இல்தான்.

உயிரைக் காப்பது ஓயமேல் என்கிற ஊசியிலை மரம். நெருக்கமான காடு ராத்திரிக் குளிருக்குப் போர்வை, மழைக்குக் குடை. அடிமரம் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதால் அதிலும் அப்பிக்கொள்கின்றன. நனையாத பூச்சி மைனஸ் 8 டிகிரி அளவு வரை தாங்கும். நனைந்தால் மைனஸ் 4 சுமாருக்கே உறைந்துவிடும். அதனால் நடுக்காட்டில் நாலு மரம் வெட்டினாலும் குடையில் ஓட்டை விழுந்த கணக்கு. 2002 ஜனவரியில் மழையும் அடுத்து உறைபனியும் வந்து கோடிக்கணக்கில் செத்து விழுந்தன.

திருட்டு மரவெட்டு இன்னும் நிற்கவில்லை. இதே சரணாலயத்தை நடத்தி, காட்டுக்காகக் குரல் கொடுத்த ஓமெரோ கோமெஸ் கொன்சாலெஸ் 2020 ஜனவரியில் காணாமல் போய்ப் பிணமாகக் கிடைத்தார். அவர் நடந்த பாதையில் நடக்கிறோம் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. வடக்கே அமெரிக்காவில் வேறு சிக்கல். எருக்குக் குடும்பத்துச் செடிதான் மொனார்க் புழுவுக்கு ஒரே தீனி. அதைச் சோள வயல் களைக்கொல்லி பெருமளவு அழித்துவிட்டது. பூச்சிகளை எண்ண முடியாது என்பதால் அவை அடைந்த காட்டின் பரப்பை அளக்கிறார்கள். 1996-97இல் 18 ஹெக்டேர், 2023-24இல் வெறும் 0.9. அடுத்த வருஷம் 1.79 என்று கொஞ்சம் ஏறியது. வெப்பம் கூடுவதால் ஓயமேலுக்கே இன்னும் உயரமான இடம் தேவைப்படும் என்று, மேலே உள்ள மலைகளில் கன்று நட்டுப் பார்க்கிறார்கள். உருப்படியான வேலை இதுதான்.

பாதை நடுவில் ஒரு பூச்சி கிடந்தது. செத்துவிட்டது என்று தாண்டப் போனேன், வழிகாட்டி கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார். குனிந்து பார்த்தேன். இறக்கையை விரிக்காமலே உடம்பு முழுக்கக் கிடுகிடுவென நடுங்கியது. நடுங்கித்தான் பறக்கும் தசையைச் சூடாக்குமாம். பத்துப் பதினைந்து பேர் மூச்சு விடாமல் நின்றோம். மேகம் விலகி வெயில் பட்டது, எழும்பிப் போய்விட்டது. அதன் பிறகுதான் காடே கிளம்பி, அந்த அரிசி புடைக்கிற சத்தம்.

ஜனவரிக் கடைசி, பிப்ரவரி நல்ல சமயம். வார நாளில், வெயில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பணம் ரொக்கமாகவே வேண்டும்.

பக்கத்திலேயே சியெர்ரா சின்குவா என்று இன்னொரு சரணாலயம் இருக்கிறது. தம்பி மிச்சப் பணத்தை எண்ணிவிட்டு, "வேண்டாம்ண்ணா, பஸ்ஸுக்கே சரியாப் போயிடும்" என்கிறான். காலையில் ஏழு மணிக்குக் கிளம்புகிறேன்.