ஜூன் மாதத்து எக்ஸ்-மென் குறிப்புகள்

2011 மே 29, ஞாயிறு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. திரையரங்குகளில் இனிச் சில வாரங்களுக்குப் பிள்ளைகளின் ஆட்சிதான். இந்த வாரம் ‘எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்’ வெளியாகிறது. பிறவியிலேயே அபூர்வ ஆற்றல் பெற்ற மியூட்டன்ட்களான பேராசிரியர் சேவியரும் மேக்னீட்டோவும் பகைவர்களாவதற்கு முன் நண்பர்களாக இருந்த காலத்தைச் சொல்லும் முன்கதை என்று அறிவித்திருக்கிறார்கள். பள்ளிக் காலம் முதல் இந்தக் காமிக்ஸ் கதைகளைப் படித்துவருகிறவனுக்கு இந்நேரம் தலைகால் புரியாத மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

காரணங்கள் உண்டு. 2006இல் வந்த மூன்றாம் படம், டார்க் ஃபீனிக்ஸ் என்ற மகத்தான நெடுங்கதையை வேறொரு கதையோடு சேர்த்து அரைத்ததோடு, எக்ஸ்-மென் குழுவின் தலைவனான சைக்ளாப்ஸைத் தொடக்கத்திலேயே, அதுவும் திரைக்கு அப்பால், சாகடித்துவிட்டது. 2009இல் வந்த வுல்வரின் முன்கதையோ, ஓயாமல் பேசுவதையே குணமாகக் கொண்ட டெட்பூலின் வாயைத் தைத்து மூடியது. இந்தப் புதிய படத்தின் பாத்திரப் பட்டியலைப் பார்த்தால், 1963இல் ஸ்டான் லீயும் ஜேக் கர்பியும் படைத்த முதல் ஐவரில் ஹேங்க் மெக்காய் ஒருவன் மட்டுமே இருக்கிறான். மற்ற இளைஞர்களை வெவ்வேறு பத்தாண்டுகளின் இதழ்களிலிருந்து பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். படப்பிடிப்பு சென்ற ஆகஸ்டு கடைசியில்தான் தொடங்கியது என்பதை நினைத்தால், அவசரச் சமையல் என்ற ஐயமும் எழுகிறது.

ஆறுதல் ஒன்றே: இயக்குநர் மேத்யூ வான். மூன்றாம் படத்தை இயக்க ஒப்புக்கொண்டு, பின்னர் விலகிக்கொண்டவர் அவர்தான்.

2011 ஜூன் 4, சனி

அக்கா மகன் சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருக்கிறான். வார இறுதிக்கு முகாமிலிருந்து வெளியே வந்ததும், வீட்டில் பையை வைத்துவிட்டு நேராகத் திரையரங்குக்கு வந்துவிட்டான். அவன் காமிக்ஸ் படித்ததில்லை, படங்களை மட்டுமே பார்த்தவன். படம் பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதற்காட்சி 2000ஆம் ஆண்டு முதல் படத்தின் தொடக்கத்தை அப்படியே திரும்ப எடுத்தது: 1944, போலந்து, வதைமுகாமின் வாயிற்கதவு, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன், வளையும் இரும்பு. பழையதையே மறுபடி பார்க்கவா வந்தோம் என்று நினைக்கும்போதே, அடுத்த அறைக்குள் நம்மைக் கொண்டுபோகிறார்கள். கெவின் பேக்கன் நடிக்கும் மருத்துவர் (பிற்பாடு ஷா என்ற பெயரில் வருபவர்), புத்தக அடுக்குகளுக்கு நடுவே அமர்ந்துகொண்டு, மேசைமேல் இருக்கும் நாணயத்தை நகர்த்தச் சொல்லி இனிமையாகப் பேசுகிறார். சற்று நேரம் அறையின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறோம். பிறகு கேமரா மறுபக்கம் திரும்பும்போது, சிறுவன் இத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது என்னவென்று தெரிகிறது: கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அறுவைக் கருவிகள் நிறைந்த ஓர் அறை. அறையின் இரு பக்கங்களைத் தனித்தனியே காட்டியதைத் தவிர இயக்குநர் வேறு எந்த வித்தையும் செய்யவில்லை. அந்த இடத்தில் நான் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த நாணயம் படம் முழுவதும் பயணம் செய்கிறது. வளர்ந்துவிட்ட அந்தச் சிறுவன் எரிக், அதாவது வருங்கால மேக்னீட்டோ (மைக்கேல் ஃபாஸ்பெண்டர்), அதை விரல்களுக்கிடையே உருட்டியபடி சுவிட்சர்லாந்து வங்கியிலும் அர்ஜென்டினாவின் மதுக்கடையிலும் பழைய நாஜிகளைத் தேடுகிறார். அந்த அர்ஜென்டினாக் காட்சியில் அரங்கம் மூச்சுவிடவில்லை. அதே நாணயம் இறுதியில் ஷாவின் நெற்றியைத் துளைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நகரும்போது, ஷா அசையாதபடி அவன் மனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் சார்ல்ஸ், அதாவது மனங்களைப் படிக்கும் சேவியர். ஆகவே அந்த வலியில் அலறுபவரும் சார்ல்ஸ்தான். பழிவாங்கும் ஒருவரின் ஆயுதம் நண்பரின் தலைக்குள்ளும் இறங்குவதை வசனமே இல்லாமல் காட்டிவிட்ட அந்த ஒரு நிமிடத்துக்காகவே முந்தைய இரண்டு படங்களையும் மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

2011 ஜூன் 5, ஞாயிறு

இரவு நல்ல தூக்கமில்லை. காலையில் பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவற்றில் பாதி, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை. அதற்கும் முன்னால், சிராங்கூன் ரோட்டில் அப்பா வாங்கித் தந்த முத்து காமிக்ஸ்தான் என் அரிச்சுவடி. இரும்புக்கை மாயாவியில் தொடங்கியவன் இரும்பை ஆட்டிவைக்கும் மேக்னீட்டோவிடம் வந்து சேர்ந்ததில் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கிறது.

படம் காமிக்ஸுக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்டால், விவரங்களில் இல்லவே இல்லை. காமிக்ஸில் மொய்ரா மெக்டாகர்ட் ஸ்காட்லாந்து மரபணு விஞ்ஞானி. இங்கே அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் அதிகாரி. செபாஸ்டியன் ஷா அங்கே ஏழ்மையிலிருந்து உயர்ந்த பிட்ஸ்பர்க் தொழிலதிபர். இங்கே நாஜி மருத்துவர். சைக்ளாப்ஸின் தம்பியான ஹேவாக், அண்ணன் கண்ணிலேயே படாத 1962இல் இளைஞனாக வந்து நிற்கிறான். உருமாறும் நீலத் தோல்காரியான மிஸ்டிக் சேவியரின் வீட்டில் தங்கையாக வளர்ந்தவள் என்பது எந்தப் பழைய இதழிலும் இல்லாத செய்தி. சேவியரின் கால்கள் செயலிழந்ததற்குக்கூட, 1966இல் சொல்லப்பட்ட காரணம் லூசிபர் என்ற வேற்றுக்கிரகவாசி. அந்தக் கதையை எடுக்காமல் விட்டதற்கு இயக்குநர் வானுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் 1963 செப்டம்பர் தேதியிட்ட முதல் இதழைத் திறந்து பாருங்கள். மேக்னீட்டோ முதன்முதலாகத் தோன்றித் தாக்கும் இடம் அமெரிக்காவின் ஏவுகணைத் தளம். கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் 1962இல் எழுந்த நெருக்கடி முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் லீயும் கர்பியும் தங்கள் வில்லனை ஏவுகணைகளோடு விளையாட விட்டிருக்கிறார்கள். வானின் படம் அந்த நெருக்கடிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, உச்சக்கட்டத்தில் இரு வல்லரசுகளின் ஏவுகணைகளையும் எரிக்கின் கையசைவில் நடுவானில் நிறுத்தும்போது, அது முதல் இதழுக்கே திரும்பிப் போகிறது. நீலமும் மஞ்சளுமான சீருடையும் அங்கிருந்து வந்ததுதான். முதல் படம் அதே மஞ்சள் உடையைக் கேலி செய்து சிரித்தது நினைவிருக்கலாம்.

நட்பின் வேர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. 1975 முதல் 1991 வரை இந்தத் தொடரை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட், 1982இல் வந்த 161ஆம் இதழில், இளம் சேவியரும் மேக்னஸ் என்ற பெயரில் மேக்னீட்டோவும் ஹைஃபா நகரில் சந்திப்பதாக எழுதினார். வதைமுகாமிலிருந்து மீண்டவர்களுக்கான மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே, மனிதர்கள் மியூட்டன்ட்களை ஏற்பார்களா என்று இருவரும் வாதிடுகிறார்கள். ஒருவரையொருவர் விரும்பியே பிரிகிறார்கள். ஹைஃபாவும் மருத்துவமனையும் படத்தில் இல்லை, வாதம் மட்டும் சதுரங்கப் பலகையின் முன் அப்படியே தொடர்கிறது. எடுக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்று அறிந்த ஒருவர் இந்த இதழ்களைப் படித்திருக்கிறார் என்ற நிம்மதி எனக்கு நேற்றுத்தான் முதன்முறையாகக் கிடைத்தது.

2011 ஜூன் 7, செவ்வாய்

படத்தில் அமெரிக்க அதிபர் கெனடி கியூபா நெருக்கடி பற்றித் தொலைக்காட்சியில் பேசும் காட்சியை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது பதினைந்து வயது. 1962 அக்டோபரில் சிங்கப்பூரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டதற்கு, செப்டம்பர் முதல் தேதி நடந்த, மலாயாவோடு இணைவது பற்றிய வாக்கெடுப்பைப் பற்றித்தான் பேச்சு ஓயாமல் இருந்தது என்றார். தாத்தா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். போர் வந்தால் கப்பல் நிற்கும் இடத்தைத்தான் முதலில் அடிப்பார்கள் என்று ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னாராம். அப்பாவின் நினைவில் கியூபா என்றால் அவ்வளவுதான்.

2011 ஜூன் 11, சனி

மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் மருமகனோடு. குறைகள் இப்போது கண்ணில் படுகின்றன. எந்த ஆபத்துக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் ஆற்றலுடைய டார்வினை, இளைஞர்களுள் முதல் ஆளாகச் சாகடிப்பது தர்க்கத்துக்கும் பொருந்தவில்லை. அவன் கறுப்பினத்தவன் என்பதால் பார்க்கவும் நன்றாக இல்லை. ஒதுக்கப்பட்டவர்களின் கதை என்று சொல்லிக்கொள்ளும் படம் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஷாவின் கூட்டாளியான எம்மா ஃபிராஸ்ட் காமிக்ஸில் நாக்கிலேயே கத்தி வைத்திருப்பவள். அவளாக நடிக்கும் ஜானுவரி ஜோன்ஸ் வைரமாக மாறாத நேரத்திலும் கல்லாகவே நிற்கிறார். ஹேங்கின் நீல ரோமம் ஒட்டவைத்ததாகவே தெரிகிறது.

சார்ல்ஸைப் பற்றிய என் எண்ணம் இம்முறை மேலும் உறுதிப்பட்டது. மூத்த சேவியரை எப்போதும் துறவிபோல் பார்த்துவந்த நமக்கு, ஜேம்ஸ் மெக்காவாய் காட்டுவது செல்வத்தில் வளர்ந்த, ஆக்ஸ்ஃபோர்டு மதுக்கடையில் பெண்களிடம் மரபணு மாற்றத்தைப் பற்றிப் பேசி மயக்கப் பார்க்கும் ஓர் இளைஞனை. எல்லோர் மனத்தையும் படிக்க வல்ல அவன், கூடவே வளர்ந்த ரேவனின் (மிஸ்டிக்கின் இயற்பெயர்) நீலத் தோலை மறைத்துக்கொள்ளச் சொல்வதில் உள்ள அவமதிப்பை உணர்வதே இல்லை. அவளை அவளாகவே ஏற்பவர் எரிக். முன்கதையில் முடிவு எல்லோருக்கும் தெரியும். இவர்கள் பிரியத்தான் போகிறார்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு காட்சியிலும், இந்த ஒரு சொல்லைச் சார்ல்ஸ் சொல்லாமல் இருந்தால், இந்த ஒரு கணம் எரிக் பொறுத்தால், என்று நம்மை ஏங்கவைக்கிறார்கள். தெரிந்த முடிவை வேண்டாம் என்று நினைக்கவைப்பதைத்தான் முன்கதைப் படத்திடம் நான் எதிர்பார்க்கிறேன். அதை எக்ஸ்-மென் படமொன்றில் பெறுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சொல் கடற்கரையில் வருகிறது. எரிக் திருப்பி அனுப்பிய ஏவுகணைகள் கப்பல்களை நோக்கிப் போகும்போது, கப்பலில் இருப்பவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள்தானே என்று சார்ல்ஸ் கெஞ்சுகிறார். வதைமுகாமில் தாயை இழந்த ஒருவரிடம் சொல்லக்கூடாத ஒரே வாதம் அதுதான். எழுதியவர்களின் கூர்மையை நான் வியந்துகொண்டிருக்க, மருமகன் எம்ஆர்டி ரயிலில் வேறு மாதிரி பேசினான்.

“அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பாதிப் பேர் என் வயது இருப்பார்கள், மாமா. சுடு என்றால் அவர்களால் என்ன செய்ய முடியும்?”

வதைமுகாமின் காவலர்களும் அதைத்தான் சொன்னார்கள் என்றேன். முகாமில் பூட்டிவைத்தவனும் கடற்கரையில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாத மாலுமியும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டான். சிட்டி ஹாலில் ரயில் மாறும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

2011 ஜூன் 19, ஞாயிறு

முந்தைய படங்களோடு இது எப்படிப் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொருந்தாது. 2006 படத்திலும் 2009 படத்திலும் பிற்காலச் சேவியர் எழுந்து நடக்கிறார். இங்கே 1962இலேயே, மொய்ரா சுட்ட குண்டை எரிக் தட்டிவிட, அது சார்ல்ஸின் முதுகெலும்பில் பாய்ந்துவிடுகிறது. முதல் படத்தில், எரிக்கைச் சந்தித்தபோது தமக்குப் பதினேழு வயது என்கிறார் சேவியர், அதுவும் ஒத்துவரவில்லை. காமிக்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். புது எழுத்தாளர் வந்தால் பழைய கதையில் கொஞ்சம் கரையத்தான் செய்யும். பலவீனமான இரு படங்கள் கரைவதில் எனக்கு வருத்தமில்லை.

மருமகனுக்குச் சென்ற வாரம் 1981இல் வந்த 150ஆம் இதழைக் கொடுத்தனுப்பினேன். மேக்னீட்டோ ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்டவர் என்று கிளேர்மான்ட் வெளிப்படுத்திய இதழ் அது. அந்தப் பின்னணி இல்லாமல் இந்தப் படமே இல்லை. எக்ஸ்-மென் குழுவின் சிறுமி கிட்டியைக் கொன்றுவிட்டதாக எண்ணி மேக்னீட்டோ கலங்கும் பக்கத்தை அவன் கவனிக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்று வந்த குறுஞ்செய்தியில் கிட்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதே இதழின் முற்பகுதியில், தன்மீது ஏவுகணை எய்த லெனின்கிராட் என்ற சோவியத் நீர்மூழ்கியை மேக்னீட்டோ மூழ்கடிக்கிறார். அந்த மாலுமிகளுக்காக யாராவது எப்போதாவது கணக்குக் கேட்டார்களா என்பதே அவன் கேள்வி.

கேட்டார்கள். 1985இல் வந்த 200ஆம் இதழில், பாரிஸில், மேக்னீட்டோவை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். குற்றச்சாட்டுகளில் லெனின்கிராடும் உண்டு. அடுத்த முறை அவன் வெளியே வரும்போது எடுத்துவைப்பதாகப் பதில் அனுப்பியிருக்கிறேன்.