வெள்ளிப் பனை வேர் பிடித்த ஆண்டு

மார்ச் 9

வெள்ளி நிற ஓலை விடுகிற பிஸ்மார்க் பனைக்குக் குழி எடுத்தாயிற்று. தோண்டியதைவிட இடம் பார்த்ததில்தான் நேரம் போனது. இப்போது பையில் இடுப்புயரம் நிற்கிற கன்றுதான். வளர்ந்தால் தலை மட்டும் 6 மீட்டர் அகலத்துக்கு விரியும். சுவரோரத்திலோ நடைபாதைப் பக்கத்திலோ வைத்துவிட்டு, இடிக்கிறது என்று காலமெல்லாம் மட்டையை வெட்டிக்கொண்டிருப்பது இந்த மரத்துக்குச் செய்கிற அநியாயம். அதனால் தோட்டத்தின் நடுவில், நாள் முழுக்க வெயில் விழுகிற இடம். கொஞ்சம் மேடானது, தண்ணீர் நிற்காது.

மார்ச் 10

நட்டாயிற்று. பையை இரண்டு பக்கமும் கிழித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே குழிக்குள் இறக்கினோம். வேரை அசைத்தால் இந்த மரம் தாங்காது. நம் பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் கீழ்நோக்கிக் குழல்போல இறங்கி, ஆழத்துக்குப் போன பிறகுதானே இலையை மேலே விடுகிறது? இதுவும் அப்படித்தான் முளைக்கிறது. தாவரவியல்படி இரண்டும் நெருங்கிய சொந்தம். பனைக்கு ஒரு பங்காளி மடகாஸ்கரில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 1881-இல் ஜெர்மன் தாவரவியலாளர்கள் தங்கள் நாட்டுப் பிரதமர் பிஸ்மார்க்கின் பெயரை இதற்கு வைத்தார்கள். நெருங்கிய இனங்களைச் சேர்த்துப் பேரினம் என்பார்கள், இதன் பேரினத்தில் இந்த ஓர் இனம்தான் இருக்கிறது.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, குழியிலும் அதே மட்டம். கழுத்துவரை மண்ணை ஏற்றினால் அடி அழுகிவிடும்.

மார்ச் 28

பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “வறட்சி தாங்குற மரம்னு சொன்னியேப்பா, அப்புறம் எதுக்கு இவ்வளவு தண்ணி?”

நியாயமான கேள்வி. பலரும் இங்கேதான் கன்றைப் பறிகொடுக்கிறார்கள். வறட்சி தாங்குவது வேர். அந்த வேர் இன்னும் பை அளவைத் தாண்டவில்லை. மடகாஸ்கரின் மேற்கிலும் வடக்கிலும் மாதக்கணக்கில் மழை இல்லாத புல்வெளியில் இது நிற்கிறது என்றால், அங்கே விதை விழுந்த இடத்திலிருந்தே வேர் நேராக ஆழத்துக்குப் போயிருக்கிறது. பையில் வளர்ந்த கன்றுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அதை நாம்தான் கீழே வரவழைக்க வேண்டும்.

அதனால் தினமும் தெளிப்பதில்லை. பாத்தி கட்டி, நிரம்ப விட்டு, மெல்ல இறங்க விடுகிறேன். பிறகு மேல்மண் காயும்வரை காத்திருந்து மறுபடியும். ஒரு நீளக் கம்பியை மண்ணில் செருகி எடுத்துப் பார்ப்பேன். நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. பாத்தி முழுக்கக் காய்ந்த இலை மூடாக்கு போட்டிருக்கிறேன், தண்டை ஒட்டி மட்டும் ஒரு கை அகலம் விட்டு.

ஏப்ரல் 17

இன்று காலை ஓலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து வெள்ளி நீலம். கிட்டப் போனால் திராட்சைப் பழத்தின் மேல் இருப்பது போன்ற ஒரு சாம்பல் பூச்சு. விரலால் லேசாகத் தேய்த்தேன், தேய்த்த இடம் பச்சையாகத் தெரிந்தது. அந்த வெள்ளி நிறம் முழுக்க மெழுகுதான். வெயிலைத் திருப்பி அனுப்புவதும், இலை வழியாக ஈரம் போகாமல் பிடித்து வைப்பதும் அதன் வேலை. மரத்தின் அழகும் அதன் உறுதியும் ஒரே பொருளில் இருக்கின்றன. சோப்புக் கரைசலோ எண்ணெய்க் கரைசலோ இந்த ஓலை மேல் அடிக்கவே கூடாது என்று சொல்வதும் இதனால்தான். மெழுகு போய்விடும்.

மே 22

குருத்து நகர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே நேராக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். இன்று குருத்தின் கோடு ஒரு விரல்கடை மேலே ஏறியிருக்கிறது. வேர் பிடித்துவிட்டது!

ஜூன் 30

அடி மட்டை ஒன்று பழுக்கிறது. வெட்டவில்லை. பழுத்த மட்டையிலிருந்து மரம் பொட்டாசியத்தை உருவிப் புது ஓலைக்கு அனுப்புகிறது, முழுக்கக் காயும்வரை அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பச்சை மட்டைகளைக் கழித்து, தலையில் நாலு ஓலையை மட்டும் விடுகிற வழக்கத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆகஸ்ட் 14

புதிதாக விரிந்த ஓலையில் கத்தரித்ததுபோல ‘வி’ வடிவ வெட்டு. பார்த்ததும் பகீரென்றது. காண்டாமிருக வண்டு. ஓலை மடிந்து குருத்தாக இருக்கும்போதே துளைத்துவிடும், அது விரிந்த பிறகுதான் வெட்டு கண்ணுக்குத் தெரியும். குருத்தின் அடியில் தேடினேன். மட்டை இடுக்கில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை, அதன் விளிம்பில் வண்டு மென்று துப்பிய நார். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவினேன். மெத்தென்று எதிலோ குத்தி, கறுப்பாக, கொம்போடு வெளியே வந்தது.

இந்தப் பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அதை வண்டு தொட்டுவிட்டால் பக்கத்தில் கிளைத்துப் பிழைக்க வழியே இல்லை. நல்லவேளை, துளை அவ்வளவு ஆழம் போகவில்லை. இடுக்குகளில் மணல் போட்டு நிரப்பினேன். வண்டு முட்டையிடுவது மக்கும் குப்பையில்தான். அதனால் தோட்டத்து மூலையில் இருந்த பழைய எருக்குவியலை இன்றே கிளறி, வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, எருவை மற்ற செடிகளுக்கு மெல்லிசாகப் பரப்பியாயிற்று.

நவம்பர் 6

நாள் முழுக்க மழை. பாத்தியின் ஒரு கரையை வெட்டிவிட்டேன். தண்ணீர் நிற்கவில்லை.

பிப்ரவரி 20

இனி தண்ணீர் விடும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். கம்பியை ஆழமாக இறக்கினால் கீழே இன்னும் ஈரம் இருக்கிறது, குருத்தும் நிற்காமல் ஏறுகிறது. வரும் கோடையிலும் முழுக்கக் காயவிட மாட்டேன், அதற்கு அடுத்த கோடையில்தான் மரத்தை அதன் போக்கில் விடுவதாக எண்ணம். அடி மெல்லப் பருத்து வருகிறது. அடி பருத்து முடிந்த பிறகுதான் தண்டு மேலே எழும்பும், உயரம் காணோமே என்று உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை.

அண்ணன் இன்று விதை கிடைக்குமா என்று கேட்டார். இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இது எதுவென்று பாளை வந்தால்தான் தெரியும், அதற்கு எத்தனையோ வருஷம் ஆகும். விதை வேண்டுமென்றால் ஜோடி இருந்தாக வேண்டும். “உங்க பக்கத்துல வெயில் விழற இடமா ஒண்ணு பாருங்கண்ணே” என்றேன். வேலிக்கு அப்பால் அளந்துகொண்டிருக்கிறார்.