எழுவானுக்கும் படுவானுக்கும் நடுவே ஒரு பின்னேரம்

பயிற்சி வகுப்பு இரண்டரை மணிக்கே முடிந்துவிட்டது. மறுநாள் போயா, அதாவது பூரணை விடுமுறை. வந்திருந்தவர்கள் தேநீருக்குக்கூட நிற்காமல் பஸ் பிடிக்க ஓடினார்கள். எனக்குக் கொழும்பு ரயில் இரவு எட்டு மணி கழித்துத்தான். மட்டக்களப்புக்கு வேலை விஷயமாக இதற்கு முன்னும் மூன்று தடவை வந்திருக்கிறேன். மூன்று தடவையும் நான் பார்த்தது விடுதிச் சுவரையும் புரொஜெக்டர் வெளிச்சத்தையும் மட்டும்தான்.

இந்த முறை விடுவதில்லை என்று காலையிலேயே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டிருந்தேன். கோட்டை, காந்தி பூங்கா, மாமாங்கேசுவரர் கோயில், பாலமீன்மடு வெளிச்சவீடு, கல்லடிப் பாலம், கடற்கரை, காத்தான்குடி அல்வா, எருமைத் தயிர். விடுதி வரவேற்பில் இருந்த அக்காவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"வெளிச்சவீடு ஒரு பக்கம், காத்தான்குடி மற்றப் பக்கம். ஓட்டோவுக்குள்ளேயே பின்னேரம் போயிடும் தங்கச்சி. முதல்ல கோட்டையைப் பாருங்க. மறுகா கல்லடிப் பாலத்தில போய் நில்லுங்க. அது போதும்."

'மறுகா' என்றால் பிறகு. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த சொல். அவசரமே இல்லாத 'பிறகு' அது. பட்டியலை மடித்து வைத்துவிட்டு, பையை அக்காவிடமே ஒப்படைத்துவிட்டு இறங்கினேன்.

ஆனி மாதம். மேற்கே இருந்து கச்சான் காற்று காய்ந்து வந்து முகத்தில் அடித்தது. இந்த ஊரில் கச்சான் இரண்டு: ஒன்று நாம் வறுத்துத் தின்கிற நிலக்கடலை, மற்றது நம்மை வறுக்கிற காற்று. புளியந்தீவுக் கோட்டைக்குப் போய்ச் சேரும்போது இரண்டாவது கச்சான் என்னை முக்கால் பதமாக்கியிருந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோட்டைகளில் பெரிய ஆர்வம் கிடையாது. இதை ஒல்லாந்தர் (டச்சு) கோட்டை என்கிறார்கள். கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டை இதுதான். பிற்காலத்தில் நெடுநாள் கச்சேரி, அதாவது மாவட்ட அரச செயலகம், இதற்குள்ளேதான் இயங்கியது. அதனால் ஊரவர்களுக்குக் கோட்டை என்றால் பீரங்கி ஞாபகம் வருவதில்லை, கையில் கடிதக் கோவையோடு வரிசையில் நின்றதுதான் ஞாபகம் வருகிறது. வாவிப் பக்கத்து மதிலோரம் கொஞ்சம் நிழல் இருந்தது. அதற்காகவே அரை மணித்தியாலம் நின்றேன்.

காந்தி பூங்காவில் ஒரு பிளேன் டீ. 1814இல் வந்து இறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்டின் சிலையையும் பார்த்தேன். அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அதற்குள் நாலரை ஆகிவிட்டது. ஓட்டோ பிடித்தேன். எவ்வளவு என்று ஏறுமுன் கேட்காதது என் பிழை. அவர் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் மௌனம் அனுஷ்டித்தேன்.

கல்லடியில் இப்போது இரண்டு பாலங்கள். ஒன்று பழைய இரும்புப் பாலம், ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம். பக்கத்திலேயே 2013இல் திறந்த புதியது. லொறியும் பஸ்ஸும் புதியதில் விரைய, பழையதில் சைக்கிள்காரரும் தூண்டில்காரரும் பிள்ளைகளை உலாத்தக் கூட்டிவந்த குடும்பங்களுமாக ஒரு வீட்டு முற்றம் போல இருந்தது. நான் கைப்பிடியோரம் ஒரு இடம் பிடித்தேன்.

ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான வாவி இது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, வயலும் குளமும் மாடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. எந்தக் கச்சேரியும் வைத்த பெயர்கள் இல்லை; இன்றும் சந்தையில், பஸ்ஸில், கலியாணப் பேச்சில் புழங்குகிறவை. "பெடியன் படுவான்கரையாம்" என்று என் பின்னால் போன இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது முழுதாகக் காதில் விழவில்லை, அதில் எனக்குக் கவலைதான்.

சூரியன் பட இன்னும் நேரம் இருந்ததால் பாலத்தைக் கடந்து கடற்கரைக்கு நடந்தேன். வழியில் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. 'யாழ் நூல்' வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார். வாவியில் கேட்கும் இசையை நீரரமகளிர் பாடுவதாகக் கொண்டு கவிதை எழுதியவர், அந்த வாவிக்குப் பக்கத்திலேயே உறங்குகிறார். இரண்டு நிமிடம் நின்றேன். பக்கத்து வீட்டில் யாரோ பிட்டு அவிக்கும் வாசம்.

கடற்கரையில் நான் நினைத்ததைவிடக் கூட்டம். பட்டம், ஐஸ்கிரீம், இறால் வடை. வடையில் இறால் முழுசாக, மீசையோடு இருந்தது. அதற்காகவே இன்னொன்று வாங்கினேன். கொஞ்சம் தள்ளித் திருச்செந்தூர் முருகன் கோயில். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அதன் கோபுரத்தைச் சாய்த்துவிட்டது. வடக்கே நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஓட இடமில்லாமல் அழிந்த ஊர். வடை விற்ற அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்க வாய் வந்தது. அவர் கடலுக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பை வைத்திருந்தார். கேட்கவில்லை.

கடலுக்கு மேலே நிலவு ஏற்கனவே எழும்பியிருந்தது. பூரணைக்கு முந்திய நாள் என்பதால் சூரியன் படுமுன்னே வந்துவிட்டது. திரும்பி நடந்து பாலத்துக்கு வந்தால், படுவான் பக்கம் வானம் செங்கல் நிறம், எழுவான் பக்கம் தென்னைக்கு மேலே நிலவு. நடுவில் நான், கையில் எண்ணெய்க் கடதாசி.

இருட்டிய பிறகுதான் அந்த ஐயாவைக் கண்டேன். பாலத்துக்குக் கீழே தோணியில் பேத்தியோடு இருந்தார். மேலிருந்து எட்டிப் பார்த்த என்னை அவரே கேட்டார்: "மீன் பாட்டுக் கேக்க வந்த நீங்களா மகள்? இறங்கி வாங்க."

வாவிக்குள் மீன் பாடுகிறது என்ற பாடுமீன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1848இல் இங்கே வந்த ஆங்கிலேய ஆட்சியின் காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போன்ற ஒலி என்று எழுதினார். மீனவர்கள் அவரிடம் அதை ஊரியின், அதாவது ஓட்டுக்குள் வாழும் நீர் நத்தையின், குளறல் என்றார்களாம். 1954இல் லாங் என்ற அமெரிக்க யேசு சபைப் பாதிரியார் ஒலிப்பதிவே செய்தார். ஐயாவுக்கும் மீனில் நம்பிக்கை இல்லை. "மீனாவது பாடுறதாவது. ஊரிதான்."

தோணியைப் பாலத்தின் தூண்கள் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியை என் காதோடு வைக்கச் சொன்னார். பிடி நனைந்து வழுக்கியது. முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு ஒரு பெரிய உறுமல், திடுக்கிட்டுவிட்டேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். புதிய பாலத்தில் லொறி.

"லொறி போகட்டும். பொறுங்க, மறுகா கேக்கும்."

பொறுத்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று, பஸ் ஒன்று, இன்னொரு லொறி. அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. மிகவும் தாழ்ந்த குரலில், தவளை தொண்டையைச் செருமுவது போல ஒன்று, அதற்குச் சற்று எட்ட இன்னொன்று. நாலைந்து மூச்சு நேரம். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது.

"கேட்டுதா?"

"கேட்ட மாதிரி இருந்தது ஐயா."

"அப்ப கேட்டிருக்கு."

காசு நீட்டினேன், வாங்கவில்லை. பேத்திக்கு என்று கச்சான் சரையைக் கொடுத்தபோது மட்டும் தலையாட்டினார். விடுதிக்கு ஓடிப் பையை எடுத்து ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் மேடையில் நின்றது. தயிருமில்லை, அல்வாவுமில்லை. ஜன்னலோரம் இருந்து மூச்சு வாங்கும்போது காது மடல் கடித்தது. தடவிப் பார்த்தேன். வாவித் தண்ணீர் காய்ந்து உப்பாகியிருந்தது.