வலிக்காத பல்

14 நவம்பர் 2023, செவ்வாய்

தீபாவளிக்குச் சுட்டதில் மிஞ்சிய முறுக்கைக் கடித்தபோது, இடப்பக்கக் கீழ்க்கடைவாயில் ஏதோ நெகிழ்ந்தது போலிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ரூட் கெனால் செய்துகொண்ட பல் அது. வலி என்று சொல்வதற்கில்லை. அந்தப் பல் மட்டும் நூலளவு உயர்ந்து நிற்பது போலவும், வாயை மூடினால் மேற்பல் முதலில் அதன்மேல்தான் இடிப்பது போலவும் ஓர் உணர்வு. கண்ணாடியில் பார்த்தேன். ஈற்றோரத்தில் அரிசி முனையளவில் வெளிறிய பரு ஒன்று தெரிந்தது. நரம்பையே எடுத்துவிட்ட பல்லுக்கு இனி என்ன வந்துவிடப் போகிறது என்று உப்புநீரில் கொப்பளித்துவிட்டுப் படுத்தேன்.

21 நவம்பர், செவ்வாய்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் வேறொரு பல் மருத்துவரிடம் சென்றேன். என் பழைய மாணவிகளின் வயதுதான் அவருக்கு இருக்கும். பல்லைத் தட்டிப் பார்த்த பின், இளஞ்சிவப்பு நிறத்தில் ஊசியைப் போல் மெலிந்த, வளையக்கூடிய குச்சி ஒன்றை எடுத்துப் பருவின் துளை வழியே மெல்லச் செருகி, அது உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் அந்தக் குச்சி வெள்ளைக் கோடாக வளைந்து சென்று, இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் போய் நின்றது. நுனியைச் சுற்றிப் பட்டாணி அளவில் ஒரு கரிய நிழல். அது எலும்பு கரைந்த இடம்.

"டீச்சர், நரம்புதான் போனது, கிருமி வேர்க்குழாய்க்குள் இன்னும் இருக்கிறது. அதன் நஞ்சு நுனி வழியாகக் கசிந்து எலும்பைக் கரைக்கிறது. சீழ் இந்தப் பரு வழியாக வெளியேறிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு வலிக்கவில்லை," என்றார். முதல் சிகிச்சையில் ஒரு குழாய் கண்ணில் படாமல் விடுபட்டிருக்கலாம், அல்லது மேலே கிரவுன் என்ற பல்லுறையைப் போடாமல் விட்ட காலத்தில் எச்சில் உள்ளே இறங்கியிருக்கலாம் என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிரவுன் போடச் சொல்லியும், பள்ளித் தேர்வு முடியட்டும், பணி ஓய்வு விருந்து முடியட்டும் என்று எட்டு மாதங்கள் தற்காலிக அடைப்போடு திரிந்தவள் நான்தான்.

அந்தக் குச்சி குட்டா பெர்ச்சா. வேர்க்குழாயை அடைப்பதும் இதே பொருளால்தான். பெயரின் முற்பகுதி மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல். இந்த மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வளரும் மரத்தின் பால் அது. 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் இதைத்தான் உறையாக இட்டார்கள். கெடாவில் பால்மரம் சீவிய என் தாத்தாவிடம், காட்டுப் பால் ஒன்று பேத்தியின் தாடைக்குள் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

கிரவுனைக் கழற்றி, பழைய அடைப்பை நீக்கி, கிருமியை அடக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து மூடி, சில வாரங்கள் கழித்து மீண்டும் அடைக்க வேண்டும் என்றார். பொங்கலுக்குப் பிறகு வருகிறேன் என்றேன். அவர் முகம் ஒப்பவில்லை.

9 டிசம்பர், சனி

பதினொரு ஆண்டுகளாக எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய் உண்டு. காலை வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 7 மில்லிமோலை ஒட்டியே இருக்கும்; இந்த வாரம் ஒரு நாளும் 10-க்குக் கீழே இறங்கவில்லை. பலகாரத்தின்மேல் பழியைப் போடும் காலமும் கடந்துவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த அமோக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஐந்து நாளில் பருவைச் சுருக்கிவிட்டதைத் தங்கை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். தாதியாக வேலை செய்பவள் அவள். "பெரியம்மா, இரத்த ஓட்டமே இல்லாத பல்லுக்குள் மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? வெளியே வந்த கிருமியைத்தான் அது அடக்கியிருக்கிறது. சர்க்கரை ஏறுவதற்கும் இந்தக் கிருமி காரணமாக இருக்கலாம், ஏறிய சர்க்கரை புண்ணை ஆறவும் விடாது," என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

15 ஜனவரி 2024, திங்கள்

பொங்கல். பரு முழுவதும் மறைந்துவிட்டது. மருத்துவருக்கு இன்னும் அழைக்கவில்லை.

30 ஜனவரி, செவ்வாய்

மருத்துவமனைக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். பரு மறைந்தது குணமானதால் அன்று, வடிகால் அடைபட்டதால். தைப்பூசத்துக்கு முதல் நாள், இரதம் வரும் வழியில் தேங்காய் உடைபடும் ஓசைக்கிடையே தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே தாடை கனத்தது. பனடோல் வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். வெள்ளி இரவுக்குள் தாடைக்கு அடியில் கல்லைப் போல வீக்கம். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. எச்சிலை விழுங்குவதே பாடாக இருந்தது. தங்கை மகள் தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும், "இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள், விடியும்வரை காத்திருக்காதீர்கள்," என்று அதட்டினாள்.

அவள் அஞ்சியது எதற்கு என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன். கீழ்த்தாடையின் பின்பற்களுடைய வேர்நுனிகள், வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருப்பதால், அங்கே தேங்கும் சீழ் எளிதாகத் தாடைக்கு அடியிலும் கழுத்துக்குள்ளும் பரவிவிடுகிறது. இரு பக்கமும் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுவழி அடைபடும். 1836-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரால் இன்றும் அது லுட்விக் ஆஞ்சைனா எனப்படுகிறது. எனக்கு ஒரு பக்கத்தோடு நின்றது. தாடைக்கு அடியில் கீறிச் சீழை வடித்து, ரப்பர்க் குழாய் வைத்து, பல்லையும் அப்போதே பிடுங்கிவிட்டார்கள். சேர்ந்த அன்று சர்க்கரை 17.

16 பிப்ரவரி, வெள்ளி

தையல் ஆறியிருக்கிறது, காலை அளவு 7.4. ஜார்ஜ்டவுன் மருத்துவர் நவம்பர்ப் படத்தையும் மருத்துவமனைப் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். பட்டாணி அளவிலிருந்த நிழல், இரண்டு வேர்களும் பிரியும் கவட்டைவரை ஏறியிருந்தது. நவம்பரில் திறந்து சுத்தம் செய்திருந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் குத்திக்காட்டவில்லை. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளாண்ட் வைக்க விரும்பினால், எலும்பு வளரச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அப்போதும் போதாவிட்டால் எலும்புத் துகள் இட்டு நிரப்ப வேண்டுமாம். மறுசிகிச்சைக்கு அவர் சொன்ன தொகையே அதிகம் என்று அன்று மனத்துக்குள் முணுமுணுத்தேன். இது அதைப்போல் பல மடங்கு.

8 மார்ச், வெள்ளி

எல்லாவற்றையும் வலப்பக்கத்தில்தான் மெல்லுகிறேன். அந்தப் பக்கத்திலும் ஆறு ஆண்டுகளுக்கு முன் ரூட் கெனால் செய்த பல் ஒன்று உண்டு. அதுவும் வலிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை படமெடுக்க நேரம் வாங்கியிருக்கிறேன்.