கல்முனையில் உருக்கி அடைத்த தண்ணீர்த் தாங்கி

வானுக்குள்ளேயே சமைத்து, படுத்து ஊர் சுற்றுகிறவர்களுக்கு டீசல் குறைந்தால் கூடச் சமாளிக்கலாம். தண்ணீர் தீர்ந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. எங்கள் திட்டம் திருகோணமலையிலிருந்து ஏ15 வீதியால் மட்டக்களப்பு, பிறகு கரையோரமாகவே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், கடைசியாகப் பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயில். கச்சான் காற்று அடிக்கிற காலம். முகத்தைக் கழுவிவிட்டுத் துவாயைத் தேடுவதற்குள் முகம் காய்ந்துவிடும், அப்படியொரு காற்று. பொத்துவிலுக்கு அப்பால் கடையும் குறைவு, குழாயும் குறைவு, அதனால் 70 லீற்றர் தாங்கியை நம்பித்தான் மனைவியும் மாமாவும் நானும் புறப்பட்டோம்.

கல்லடியில் கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டுப் பின் படுக்கையைத் தூக்கியபோது கீழே விரித்திருந்த கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. எங்களுடையது பழைய டொல்பின் வான், வாங்கும்போதே ஒருவர் உள்ளே அடுப்பு, சிங்க், தாங்கி எல்லாம் பொருத்தி வைத்திருந்தார். தாங்கி படுக்கைக்குக் கீழே குறுக்காகக் கிடக்கிறது.

கசிவு என்றதும் எல்லோரும் தாங்கியின் உடம்பைத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது பைப் வந்து சேருகிற வாய்கள். ரப்பர் வாஷர் காய்ந்து போயிருக்கும், அல்லது நட்டை அளவுக்கு மீறி இறுக்கி வாஷர் பிதுங்கியிருக்கும். பெரும்பாலான கசிவு இதோடு முடிந்துவிடும், புது வாஷர் ஒன்று போட்டால் சரி. நாங்கள் எல்லா வாய்களையும் துணியால் துடைத்து, சுற்றிலும் ரிசூ பேப்பரைச் சுற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் பேப்பர் எல்லாம் காய்ந்துதான் இருந்தது, ஆனால் அடியில் ஈரம் கூடியிருந்தது. பிறகு தண்ணீரை முழுக்க இறக்கி, பைப்பைக் கழற்றி, தாங்கியை வெளியே தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அடிப்பக்கம் விரல் நீளத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தது, அதன் இரு முனையிலும் வெளிறிய கோடு.

அந்த வெடிப்பு ஏன் வந்தது என்பது, அது இருந்த இடத்தைப் பார்த்தாலே விளங்கியது. தாங்கியை இரண்டு மரச் சட்டத்தின் மேல் வைத்திருந்தார்கள், நடுவில் ஒன்றுமில்லை. 70 லீற்றர் என்றால் 70 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் சட்டங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்க, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் முன்னால் பாய்ந்து மோத, அடிப்பக்கம் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, சட்டத்தின் விளிம்பு படுகிற இடத்தில் பிளாஸ்டிக் களைத்துப் போயிருக்கிறது. வெடிப்பும் சரியாக அந்தச் சட்ட விளிம்பின் நேரிலேயே இருந்தது. காற்றுப் போகிற சிறு குழாயையும் ஊதிப் பார்த்தேன். அது அடைபட்டால் பம்பு தண்ணீரை இழுக்கும்போது தாங்கியின் பக்கங்கள் உள்வாங்கும், மூலைகள் அதிலும் வெடிக்கும். எங்களுடையது திறந்துதான் இருந்தது.

இனி எதைக் கொண்டு அடைப்பது? கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, மீன்பிடிப் போட்டுக்குப் பூசுகிற ரெசினும் ஃபைபர் துணியும் இருக்கிறது, பூசிவிடலாம் என்றார். நல்ல மனது. ஆனால் ஃபைபர் போட்டில் கல்லாக நிற்கிற அந்த ரெசின் இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். ஹார்ட்வெயார் கடையில் கேட்டால் சிலிக்கோன், இரண்டு ரியூப் கலக்கிற எப்பொக்சி, பிவிசி கம் என்று மூன்றையும் எடுத்து வைப்பார்கள், மூன்றும் இதற்கு உதவாது. காரணம், தாங்கி பொலிஎத்திலீன், அதாவது பொலித்தீன் பையின் இனம். மெழுகு போல வழுக்குகிற மேற்பரப்பு, சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது.

எல்லாத் தாங்கியும் இந்தச் சாதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளிம்பில் ஒரு சிறு சீவல் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பொலிஎத்திலீன் அல்லது பொலிப்ரோப்பிலீன். தாழ்ந்தால் ஏபிஎஸ் என்கிற கடினமான பிளாஸ்டிக்காகவோ பிவிசியாகவோ இருக்கும். ஏபிஎஸ் என்றால் வேலை இன்னும் லேசு, அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிற்றோனில் கரைத்துக் கூழாக்கி அடைக்கலாம். எங்கள் சீவல் மிதந்தது, பற்ற வைத்தால் அணைந்த மெழுகுதிரி மணம்.

கல்முனையில் சந்தைப் பக்கம் உடைந்த வாளி, குடம், கதிரை எல்லாம் உருக்கி ஒட்டித் தருகிற ஒருவர் இருப்பதாகத் தேநீர்க் கடையில் சொன்னார்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று வழியில் கானில் தண்ணீர் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, கரி அடுப்பு, அதில் நுனியைத் தட்டையாக்கிய இரும்புகள். தாங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "இதுக்கு கம் பிடிக்காது தம்பி, உருக்கித்தான் அடைக்கணும்."

அவர் வேலை செய்த விதத்தை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அவசரப்படுகிற ஆள் இந்த வேலையைக் கெடுத்துவிடுவார். முதலில் ஒரு வெள்ளைத் தண்ணீர்க் கானிலிருந்து கீற்று வெட்டி, வெடிப்புக்குத் தூரமாகத் தாங்கியின் மேல் உருக்கி ஒட்டி, ஆறவிட்டு, குறட்டால் இழுத்தார். கீற்று முழுசாகக் கழன்று வந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே வெள்ளைதானே காக்கா?" என்று கேட்டேன். இந்தப் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

"நிறத்தப் பாக்காதீங்க தம்பி, இது வேற சாமான், அது வேற சாமான்."

பிறகு தாங்கியின் மேல் விளிம்பில் உபரியாக நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தையே கீற்றாகச் சீவி எடுத்து ஒட்டிப் பார்த்தார். இந்த முறை இழுத்தபோது கீற்று அறுந்ததே தவிர ஒட்டிய இடம் விடவில்லை. தன் உடம்பிலிருந்து எடுத்த துண்டுதான் அதற்குச் சரியான மருந்து.

வெடிப்பின் இரு முனையிலும், வெளிறிய கோடு முடிகிற இடத்துக்குச் சற்று அப்பால், 3 மில்லிமீற்றர் துளை போட்டார். அந்த உருண்டைத் துளை இருந்தால் வெடிப்பு மேலே ஓடாது. அப்புறம் வெடிப்பு நெடுக, பிளாஸ்டிக்கின் பாதித் தடிப்புக்கு, கத்தியால் வாய்க்கால் வெட்டி, சுற்றிலும் பளபளப்புத் தோல் போகும் வரை சுரண்டினார். ஈரம் துளிகூட இருக்கக்கூடாது என்று வெயிலில் வைக்கச் சொல்லிவிட்டு மதிய லுகர் தொழுகைக்குப் போய் வந்தார். வந்து இரும்பை வாய்க்காலில் வைத்து, இரண்டு கரையும் கண்ணாடி மாதிரித் தெளிகிற நேரம் பார்த்துக் கீற்றை அழுத்தினார். பொலிஎத்திலீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸிலேயே இளகிவிடும், ஒட்டுகிற இரும்பு அதைவிடச் சூடாக இருக்க வேண்டும், ஆனால் கருகுகிற அளவுக்குப் போகக்கூடாது. புகை வந்தாலோ பழுப்பு நிறம் வந்தாலோ கருகிவிட்டது என்று அர்த்தம், கருகின பிளாஸ்டிக் மொறுமொறுவென்று மறுபடி வெடிக்கும். மேலே ஸ்டெயின்லெஸ் வலைத் துண்டு ஒன்றை வைத்து உருக்கிப் புதைத்து, அதற்கு மேல் இன்னொரு படை. சுத்தம் செய்கிற வட்ட மூடியைத் திறந்து உள்பக்கத்திலும் இரும்பை ஓட்டினார். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவில்லை, தானாக ஆறவிட்டார்.

மாமா அந்த நேரத்தில் பக்கத்து மரக்கடையில் 12 மில்லிமீற்றர் பிளைவூட்டைத் தாங்கியின் அளவுக்கு வெட்டுவித்து வந்திருந்தார். ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழைய இரண்டு சட்டத்தின் மேலேயே திரும்ப வைத்தால் அது மறுபடி வெடிக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிளைவூட் முழு அடியையும் தாங்கும்படி பூட்டி, மேலே ரப்பர் பாய் விரித்து, அரங்காதபடி சுற்றிவரச் சின்னக் கட்டை அடித்து, பட்டியைத் தாங்கி வளையாத அளவுக்கு மட்டும் இறுக்கினோம். பாதி தண்ணீர் விட்டுப் பேப்பர் வைத்துப் பார்த்து, பிறகு முழுக்க நிரப்பி அக்கரைப்பற்று வரை ஓடிப் பார்த்தோம். பேப்பர் நனையவில்லை.

குடிக்கிற தண்ணீர் என்பதால் கழுவுவதையும் விடக்கூடாது. மணம் சேர்க்காத 5 வீத குளோரின் திரவம் லீற்றருக்கு 1 மில்லிலீற்றர், எங்கள் தாங்கிக்கு 70 மில்லிலீற்றர். குழாய்களிலும் குளோரின் மணம் வரும் வரை பம்பை ஓட்டி, இரவு முழுக்க விட்டு, காலையில் வெளியேற்றி, மணம் போகும் வரை நல்ல தண்ணீரால் அலசினோம். மனைவி இதில் மிகக் கண்டிப்பு. அதே போல, ஒட்டுகிற துண்டை எண்ணெய்க் கான், மருந்துக் கானிலிருந்து வெட்டவே வேண்டாம்.

திருக்கோவில் கோயிலில் கும்பிட்டு, பொத்துவிலில் வாய்வரை நிரப்பி, பாணமைக்கு அப்பால் புழுதிப் பாதையில் மெதுவாக உருட்டி உகந்தைக்குப் போய்ச் சேர்ந்தோம். போகும் வழியெல்லாம் குலுக்கல்தான், பிளைவூட்டில் ஈரமில்லை. குமண தேசியப் பூங்கா வாசலுக்கு முன்னாலேயே தங்கி, இரண்டு வேளையும் வானிலேயே சமைத்தோம்.

இப்போது யோசிப்பது, இந்த 70 லீற்றரை எடுத்துவிட்டு 35 லீற்றரில் இரண்டு வைக்கலாமா என்று. தண்ணீர் மோதுகிற வேகமும் குறையும், ஒன்று வெடித்தாலும் மற்றது கையில் இருக்கும். டொல்பின் வானில் அப்படி வைத்தவர்கள் இருந்தால், இரண்டையும் இணைக்கிற பைப்பை எந்தப் பக்கத்தால் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.