பெரி கிளப்புக்கு நடந்தது அநியாயம்
2019 ஆகஸ்ட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மாத ஆரம்பத்தில் மான்செஸ்டர் யுனைடெட், ஹாரி மக்வயர் என்ற ஒரே டிஃபெண்டருக்காக 8 கோடி பவுண்டு கொடுத்தது. அதே வட்டாரத்தில், 1885-இல் தொடங்கிய பெரி என்ற சின்னக் கால்பந்து கிளப் கடனைக் கட்ட வழியில்லாமல் தவித்தது. எப்படியும் யாராவது வாங்கிவிடுவார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று நம்பி ரசிகர்களே வந்து கிக் லேன் மைதானத்தைக் கூட்டிக் கழுவினார்கள். அன்றிரவே, 27-ஆம் தேதி, இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுகளை நடத்தும் லீக்கிலிருந்து பெரியை நீக்கிவிட்டார்கள். 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் டெர்பி கவுண்டியை 6-0 என்று வீழ்த்திய அணி அது!

நிர்வாகம் மோசம், சரி. ஆனால் இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கின் டிவி பணத்தில் கீழ்ப் பிரிவுகளுக்கு வந்து சேர்வது சொற்பம். மேலே ஏறிவிடும் ஆசையில் சின்ன கிளப்கள் வரவுக்கு மீறிச் சம்பளம் கொடுத்து மூழ்குகின்றன. 2025-இல் அங்கே வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம், இந்தப் பங்கீட்டில் தலையிட ஒழுங்குமுறை அமைப்புக்கு இடம் தருகிறது. தயங்காமல் தலையிடட்டும்.